இரண்டு பேர் மட்டும் ஏறும் தோணி

வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடுகிற இடத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இருந்துவிடக்கூடாது என்று நோர்வேயில் தன் வீடு இருக்கிற குரோருட்டிலிருந்து வழிநெடுக வேண்டிக்கொண்டு வந்தார் அருளானந்தன். கதவைத் திறந்தார். எதிர்க் கதிரையில் பழைய சிநேகிதர் அருட்செல்வம் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இருந்தார்.

"வா வா அருள்! நான் ஆவணியிலை வேளாங்கண்ணிக்குப் போறன். நீ எங்கை?"

"நான்... யாழ்ப்பாணத்துக்கு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அருட்செல்வத்திடம் சொன்னால், அருளானந்தன் வீடு போய்ச் சேருமுன் செய்தி பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் தங்கச்சி சிவநாயகியின் காதில் விழுந்துவிடும். சிவநாயகி அறிந்தால் பயணமே வேண்டாம் என்று மனைவி சிறிதேவி சொல்லியிருந்தாள்.

அவளைக் குறை சொல்லவும் ஏலாது. கலியாணம் கட்டிய நாள் முதல் புருஷனும் பெண்சாதியும் தனியாக ஓரிடமும் போனதில்லை. லண்டன் என்றால் பெரியண்ணை வீட்டு ஹாலில் பாய். பாரிஸ் என்றால் சித்தப்பா வீட்டுச் சோபா. ஒருமுறை தெனெரீபேத் தீவுக்குப் போனார்கள். சிவநாயகி புருஷனையும் றைஸ் குக்கரையும் கூட்டிக்கொண்டு அடுத்த அறையில் வந்து இறங்கினாள். பாவம் சிறிதேவி, கடல் பார்க்கப் போய் ஒரு கிழமையும் வெங்காயம் உரித்தாள்.

அதனால்தான் இந்த ஒக்கவாங்கோ. ஆபிரிக்காவில், பொட்ஸ்வானாவில் இருக்கிற சதுப்பு நிலம். ஒரு நத்தார்ப் பண்டிகைக்குத் தங்கச்சி வீட்டில் எல்லாருமாக இருந்து தொலைக்காட்சியில் பார்த்தது. யானை நீந்துகிறது. நீர்யானை கொட்டாவி விடுகிறது. நடுவே ஒல்லித் தோணியில் ஒருவன் நின்றபடி கழி ஊன்றிப் போகிறான்.

"யானை பாக்க இவ்வளவு தூரமோ? விசர்ச் சனம்," என்றாள் சிவநாயகி.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சிறிதேவி வாய் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தத் தோணியிலை தோணிக்காரனைத் தவிர ரெண்டு பேர்தான் இருக்கலாம். மூண்டாம் ஆளுக்கு இடமில்லை."

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைக் கண்டு கனகாலம். எப்படியும் கூட்டிக்கொண்டு போவது என்று அருளானந்தன் அன்றே முடிவெடுத்தார்.

ஏற்பாடெல்லாம் மகள் சாருகா. "அப்பா, ஜூலையிலைதான் போகவேணும். அங்கோலாவிலை பெய்யிற மழை அங்கை நடந்து வரவே மாசக்கணக்கா எடுக்கும். வெள்ளம் வரேக்கை வானத்திலை ஒரு முகிலும் இராது. பிந்தினால் தண்ணி வத்திடும், தோணி ஓடாது. மற்றது, கடைசியா ஏறுறது குட்டிப் பிளேன். ஆளுக்கு ஒரு சின்னத் துணிப்பைதான்."

"காணும், காணும்," என்றாள் சிறிதேவி. றைஸ் குக்கர் இல்லாத பயணத்துக்கு அவளுக்கு ஒரு பையே அதிகம்.

அருளானந்தன் ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு வந்து தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை, கதவு மணி அடித்தது. வாசலில் சிவநாயகி. பின்னால் அவள் புருஷன் ஆனந்தராஜா, இரண்டு கையிலும் இரண்டு சூட்கேஸ். ஆனந்தராஜா பொதுவாகப் பேசமாட்டார். பேசுவதற்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் உண்டு.

"கள்ளன்! யாழ்ப்பாணம் போறனெண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களே அண்ணை? சரி, இதைக் கொண்டுபோங்கோ. வடக்கை பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வேலை செய்யிற எங்கடை சனம் ஊரிலை இருக்கிற தங்கடை சொந்தங்களுக்குக் குடுத்தது."

திறந்து பார்த்தார். கருவாட்டு மணம் வீட்டையே தூக்கியது. மீனெண்ணெய்க் குளிசை, சொக்கிளேற், பருத்தித்துறையில் யாருக்கோ ஒரு குளிர்ச்சட்டை. எல்லாம் பேர் எழுதி, இறுக்கி அடுக்கியிருந்தது. இவ்வளவையும் எப்போது அடுக்கினாள் என்று ஒரு கணம் யோசித்தார். தங்கச்சி எப்போதுமே சுறுசுறுப்பு என்று விட்டுவிட்டார்.

"கருவாட்டோடை யானை பாக்கப் போறியளோ?" என்று அவர்கள் போனதும் சிறிதேவி பல்லைக் கடித்தாள். "திருப்பிக் குடுங்கோ!"

மறுநாள் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, யாழ்ப்பாணம் சரிவரேல்லை. கனடாவுக்குப் போறம். வந்து சூட்கேஸை எடு."

மறுபக்கத்திலிருந்து அவசரமாக வந்தது பதில்.

"எடுக்கிறதோ? ஏன்? கனடாவிலையிருந்து நாளாந்தம் ஆக்கள் ஊருக்குப் போறாங்கள். அவையிட்டைக் குடுத்துவிடுங்கோ அண்ணை!"

அன்று பின்னேரம் மூன்றாவது சூட்கேஸ் வந்தது, கனடாவுக்கென்று. அடுத்த நாள் கனடாவில் ஸ்காபரோவிலிருந்து பெரியப்பாவின் மகன் தொலைபேசி எடுத்தார். "எயார்போட்டிலை வானோடை வந்து நிப்பன். விருந்துக்கு ஆட்டிறைச்சி சொல்லியாச்சு. எந்தப் பிளேன்?"

பிளேன் விபரம் பிறகு சொல்வதாக அருளானந்தன் தொலைபேசியை வைத்தார். கடைசியில், ஒருவரும் கேள்வி கேட்க முடியாத காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"டொக்டர் பறக்கவேண்டாமாம். நெஞ்சிலை ஒரு மாதிரி."

நோர்வேத் தமிழரிடம் நெஞ்சு என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க நினைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சனிக்கிழமை வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லை. அருட்செல்வத்தின் மனைவி மேரியம்மா கஞ்சியும் செபமாலையுமாக வந்தாள். நல்ல வெயிலில் போர்வைக்குள் கிடந்த அருளானந்தனுக்கு இப்போது உண்மையாகவே நெஞ்சு அடித்தது.

எல்லாரும் போனபிறகு சிவநாயகி கையைப் பிடித்து அழுதாள். நடிப்பில்லை, உண்மையான அழுகை.

"அண்ணை, பாத்துப் பாத்து ஜூலையிலையோ உங்களுக்கு இப்பிடி வரவேணும்? நாங்கள் டென்மார்க்குக்கு, இவரின்ரை அக்கா வீட்டை போகவேண்டிக் கிடக்கு. மேரியம்மா அக்காட்டைச் சொல்லிப்போட்டன். ஒவ்வொரு நாளும் கஞ்சியோடை வந்து பாப்பா. மச்சாள், வீட்டுத் திறப்பு ஒண்டு தாங்கோ."

மறுக்க ஒரு காரணமும் இல்லை. சிறிதேவி கதவுத் திறப்பைக் கோர்வையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். ஜூலையில் இனி வீட்டைவிட்டு அசைய முடியாது. குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். அவள் அழப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். புருஷனின் வருத்தத்துக்கு அழுகிறாள் என்று நினைத்து, ஆறுதல் சொல்லச் சிவநாயகியும் பின்னால் போனாள்.

அருளானந்தனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இவ்வளவு வருஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்தாயிற்று. இனி உண்மையைச் சொல்லிக் காலில் விழுவதுதான் வழி. எழுந்து உட்கார்ந்தார். எதிரே, கருவாட்டுச் சூட்கேஸின் மேல் ஆனந்தராஜா இருந்தார்.

"மச்சான், நான் ஒரு உண்மை சொல்லவேணும்..."

ஆனந்தராஜா பொறு என்று கையை உயர்த்தினார். சட்டைக்கை வழுகியது. மேற்கையில், ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற சின்னப் பிளாஸ்டர். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் நான் சொல்லுறன், மச்சான். இந்தக் கருவாடெல்லாம் அந்தச் சனம் எங்களை நம்பித் தந்துவிட்டது, நாங்கள் யாழ்ப்பாணம் போறமெண்டு இவள்தான் பாட்ஸ்பியோர்ட் முழுக்கப் பொய் சொன்னவள்; டென்மார்க்கும் பொய், நாங்கள் போறது ஆபிரிக்காவுக்கு, ரெண்டு பேர் மட்டும் இருக்கிற அந்தத் தோணிக்கு, தயவுசெய்து சிறிதேவி மச்சாளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, தெனெரீபேயிலை மாதிரி அவ பின்னாலை வந்திடுவா எண்டு இவள் நித்திரையே கொள்ளுறேல்லை."