முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம்

அந்தமான் முழுக்கத் தேடினாலும், எழுத்து ஒட்டிய எதையும் படிக்காமல் விடாத மனிதர் எங்கள் லேபிள் அண்ணாச்சி ஒருவர்தான். அறுபதுகளில் ஹேடோ துறைமுகத்தில் குமாஸ்தா. மெயின்லேண்ட் கப்பலில் வரும் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக் குறிப்பது அவர் உத்தியோகம். உத்தியோகம் ஐந்து மணிக்கு முடியும், படிப்பு முடியாது. பிஸ்கட் டின்னோ பால் பவுடரோ, பின்பக்கம் திருப்பிக் கடைசி எழுத்துவரை படித்த பிறகுதான் வாயில் வைப்பார்.

லேபிள் இல்லாத பண்டமென்றால் ஆளையே விசாரிப்பார். ஒருநாள் டீக்கடையில், "இதுல என்னென்ன இருக்கு? வரிசையா சொல்லும்" என்றார்.

"சாய்பத்தி, தூத், சீனி. ஔர் குச் நஹி, சாப்" என்றார் இந்திக்காரக் கடைக்காரர். டீத்தூள், பால், சீனி தவிர வேறொன்றும் இல்லையாம்.

"தண்ணிய விட்டுட்டீரே வே! எது நிறைய இருக்கோ அதத்தான் மொதல்ல சொல்லணும். எல்லா டின்லயும் அப்படித்தான் போட்டிருக்கான்!"

இதே விசாரணையை ஒரு கல்யாணப் பந்தியில் லட்டைப் பற்றி நடத்தினார். சமையல்காரர் கரண்டியோடு கிளம்பி வந்துவிட்டார்.

அந்த வருஷம் என் மனைவி செல்வி ஏழு மாதக் கர்ப்பிணி. முகம் வெளிறி, குவார்ட்டர்ஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கினாள். ரத்தம் ரொம்பக் குறைவு, இப்படியே பிரசவத்துக்கு வந்தால் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு பாட்டில் இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், அதுவும் தீர்ந்தது. அடுத்தது கப்பலில் வர வேண்டும். கப்பலோ மெட்ராஸை விட்டே கிளம்பவில்லை. பயத்தில் நான் கடைக்கு ஓடி, கொழுகொழு குழந்தைப் படம் போட்ட பெரிய சத்துமாவு டின் ஒன்றை வாங்கி வந்தேன்.

பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து வந்த அண்ணாச்சி அதைத் திருப்பினார்.

"மொதப் பேரு சீனி. ரெண்டாவது மாவு. இரும்புச்சத்தத் தேடுனா ஆளையே காணோம். முன்னாடி சிரிக்கிற பாப்பாவ நம்பியா வாங்குனீரு?"

"வேற என்ன செய்யறது அண்ணாச்சி? கப்பல் வரலையே!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் காலி டானிக் பாட்டிலை எடுத்து நிதானமாகப் படித்தார். "இரும்புச்சத்துதான வேணும்? அது கப்பல்லதான் வரணும்னு இதுல எங்கயும் எழுதலியே."

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஃபெர்ரி ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட் போய்விடுவார். அங்கே தெரிந்தவர் வீட்டில் முருங்கைமரம் இருந்தது. திரும்பும்போது கையில் கீரைக்கட்டு, கூடவே மீனோ முட்டையோ எலுமிச்சையோ. எல்லாவற்றிலும் நூல் கட்டிய அட்டை: "முருங்கைக்கீரை. இரும்புச்சத்து உண்டு. எலுமிச்சை பிழிந்து உண்ணவும். உண்டதும் டீ குடிக்கக் கூடாது." மழையில் தொப்பலாக நனைந்து வந்தாலும் அட்டையை நனையவிடாமல் கொண்டுவருவார்.

"மீனுக்குமா அண்ணாச்சி லேபிள்? பாத்தா மீன்னு தெரியாதா எனக்கு?" என்று செல்வி சிரிப்பாள்.

"மீனு தெரியும் தாயி. உள்ள இருக்கது தெரிய வேண்டாமா?"

ஒருவழியாகக் கப்பல் வந்தது, டானிக்கும் வந்தது. அதற்குள் செல்வி மூச்சு வாங்காமல் படி ஏறத் தொடங்கியிருந்தாள். ஆனாலும் அண்ணாச்சியின் கீரைக்கட்டு நிற்கவில்லை.

மகள் பிறந்த அன்று தொட்டிலில் ஓர் அட்டை தொங்கியது. "எடை ஆறரை பவுண்டு. சேர்மானம்: அம்மா, முருங்கைக்கீரை, மீன், முட்டை, எலுமிச்சை, அப்பா."

"எலுமிச்சைக்கும் கீழயா நான்?"

"வரிசை சரியா இருக்கணும்லா வே!"

செல்வி அட்டையைக் கேட்டு வாங்கினாள். என் பேனாவைப் பிடுங்கி, "அம்மா"வுக்கும் முன்னால் "அண்ணாச்சி" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரிந்து, அவர் முழுசாகப் படித்து முடிக்காத லேபிள் அது ஒன்றுதான்.