வரவேற்பு மேஜையில் ஒரு கோபக்காரி

எனக்குக் கோபம் வரும். சட்டென்று வரும், சத்தமாக வரும். நர்சிங் படித்த காலத்திலேயே இது ஊரறிந்த செய்தி. அப்படியிருந்தும், திருவண்ணாமலையில் நான் முதன்முதலாகச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் என்னைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? வரவேற்பு மேஜையில்! நோயாளிகளின் குறைகளை இனிக்க இனிக்கக் கேட்க வேண்டுமாம். (எனக்கு இங்கிலீஷ் வருமாம், செங்கம் ரோட்டு ஆசிரமங்களிலிருந்து வெள்ளைக்காரர்கள் வருவார்களாம். நல்லா இருக்குதில்ல நியாயம்?)

"மேடம், புண்ணுக்குக் கட்டுப் போடறதுதான் எனக்கு நல்லா வரும். இந்தப் பேச்சு வேலை வராது," என்று நர்சிங் கண்காணிப்பாளரிடம் கெஞ்சினேன்.

"எல்லாம் பழகிடும். பல்லு தெரியற மாதிரி உக்காரு, போதும்."

பல்லைக் கடித்தாலும் பல் தெரியும்தானே? அப்படியே சில வாரம் ஓட்டினேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, பக்கத்து வேங்கிக்கால் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். காலில் சர்க்கரைப் புண். நடக்கவே கூடாது என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். மனிதர் வெறுங்காலில் நிற்கிறார். கட்டுத்துணி நைந்து தொங்குகிறது.

"என்னங்கய்யா ஆச்சு?" (இனிமையாகத்தான் கேட்டேன்.)

"கிரிவலம் போய்ட்டு வந்தேன் பாப்பா. வலியே இல்ல, நாத்தம்தான் ஜாஸ்தி. நீங்க போட்ட கட்டு சரியில்ல. அதான் என் குறை."

துணியை விலக்கினேன். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது.

"யோவ் பெரியவரே! அறிவிருக்கா உனக்கு? புண்ணோட நடந்து வான்னு சாமி உன்னைக் கேட்டாரா? கால எடுத்துட்டா அடுத்த பௌர்ணமிக்கு உருண்டா போவ?"

வரிசையில் நின்ற வெள்ளைக்காரம்மா, ஏதோ மந்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடிக் கைகூப்பினார். நான் திட்டிக்கொண்டே புண்ணைத் துடைத்தேன், திட்டிக்கொண்டே அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து சர்ஜனிடம் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

விரல் போனது. கால் தப்பியது. என் வேலைதான் ஊசலாடியது.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லன்னா நாளையிலேர்ந்து வராத," என்றார் கண்காணிப்பாளர்.

வார்டுக்குப் போனேன், கண்காணிப்பாளரும் பின்னாலேயே வந்தார். "மரியாதை இல்லாம பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. ஆனா சொன்ன விஷயத்துக்கு மன்னிப்பெல்லாம் கேக்க முடியாது."

பெரியவர் என்னை விட்டுவிட்டுக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு வாய் நெருப்பு. கை பஞ்சு மாதிரிம்மா. இனிமே கட்டுப் போட இவளை அனுப்புங்க, வேற யாருக்கும் கால நீட்டமாட்டேன்."

அன்றே கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். (முதல்லயே கேட்டேனே, கேட்டீங்களா?)

புண் ஆறிய பிறகு அவர் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பழத்தட்டு, பின்னால் அவர் மகன்.

"இவனும் யார் பேச்சும் கேக்காதவன்தாம்மா," என்றார்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்: "எங்கப்பா தன் கால காப்பாத்திக்க என் தலையக் குடுத்துட்டாரு!"

பக்கத்து இலையில் மாமனார், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே எனக்குத் தெரியாமல் ஜாங்கிரிக்குக் கை நீட்டுவார்.