மூன்று வரியில் பெண் பார்த்தேன்

நான் அதிகம் பேசமாட்டேன். ஒருமுறை பேசினேன். அதற்கு இன்னும் சிரிக்கிறார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான் விடேல்லை. அதுதான் விட்டது.) பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பிராங்பேர்ட்டில். துடைப்பத்தோடு.

வகுப்பறைக் கரும்பலகை துடைப்பதும் என் வேலை. ஒரு காலை அதில் கிரேக்கத் தாடிக்காரர் ஒருவரின் படம், கீழே மூன்று வரி. என் ஜெர்மன் அந்த மூன்று வரிக்குச் சரியாகப் போதுமாயிருந்தது. மனிதர் எல்லாரும் சாவார்கள். கிரேக்கர் எல்லாரும் மனிதர். ஆகவே கிரேக்கர் எல்லாரும் சாவார்கள்.

துடைக்க மனம் வரவில்லை. முதல் இரண்டுக்கும் ஓம், சரி என்று சொன்னால் மூன்றாவதிலிருந்து தப்ப முடியாது. போய்ப் பார்க்கத் தேவையில்லை. யாரையும் கேட்கத் தேவையில்லை. என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு கிழமை, ஏழு நாளும், கால் நிலத்தில் படவில்லை. நாலு மணிக்கு எழும்புகிறவன் எல்லாம் பாவம். நான் நாலு மணிக்கு எழும்புகிறேன். ஆகவே நான் பாவம். நிரூபித்துவிட்டேன்! எஸ்-பான் ரயிலில் தனியே சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் போனார்.

அந்தக் கிழமைதான் ஹம்பேர்க்கில் பெண் பார்ப்பது. எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இதுவும் போனால் இனிப் பார்க்கமாட்டேன் என்று மாமா சொல்லியிருந்தார். அன்று அவருக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன்.

பெண் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அதை என்னிடம் சொல்ல வீட்டாருக்கு வெட்கம்; எனக்குத் தெரியாது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மீசைக்காரர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி வந்தது. நான் தலை நிமிரவில்லை. தட்டும் வளையலும் தெரிந்தன. போதும். தேத்தண்ணி கொண்டுவருகிறவள் கலியாணப் பொம்பிளை. இவள் தேத்தண்ணி கொண்டுவருகிறாள். ஆகவே...

"என்ன தம்பி, தேத்தண்ணி சரியோ?" என்றார் தாய்.

"தேத்தண்ணியும் சரி, பிள்ளையும் சரி. எனக்கு முழுச் சம்மதம்."

மீசைக்காரர் வடையைக் கீழே வைத்தார். "எனக்குச் சம்மதமில்லை."

"ஏன் அண்ணை?"

"அவ என்ர மனிசி."

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். (மூடுறதுதான் என்ர வழக்கமே!) கிரேக்கர் விடவில்லை. "இருக்க ஏலாது அண்ணை" என்றேன். விரல் மடக்கி மூன்று வரியும் சொன்னேன்.

"எங்களுக்கு ரெண்டு பிள்ளையளும் இருக்கு" என்றார் அவர்.

தகப்பன் எழுந்துவிட்டார். தாய் தலையில் கைவைத்தார். அப்போது கதவு திறந்தது. மழையில் நனைந்து, தோளில் வேலைப் பையோடு ஒருத்தி.

"ஏன் எல்லாரும் நிக்கிறியள்? ஆர் இவர்?"

"உன்ர மாப்பிளை, சுகந்தி" என்றாள் தேத்தண்ணி கொண்டுவந்த அவளுடைய அக்கா. சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை. "என்னைக் கட்டப் போறாராம். கணக்கெல்லாம் காட்டுறார்."

சுகந்தி என் முன்னால் வந்து நின்றாள். "சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். 

"முதல் வரி ஆர் சொன்னது? என்னைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"அது பிழையெண்டால் மிச்சம் எவ்வளவு நேராப் போனாலும் பிழைதான்." சப்பாத்தைக் கழற்றினாள். "முதியோர் இல்லத்தில காலமையிலயிருந்து எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்திட்டு வாறன். எனக்கு ஆர் தருவினம்?"

ஒருவரும் அசையவில்லை. நான் எழுந்தேன். குசினி எங்கே என்று கேட்டேன். (அண்டைக்கு நான் கேட்ட ஒரே நல்ல கேள்வி.) தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

குடித்தாள். "சீனி கூடிப்போச்சு" என்றாள். "பழகுவீங்கள்."

பழகிவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றும் தேத்தண்ணி என் பொறுப்பு. ஆட்கள் வந்திருக்கும்போது நான் தட்டோடு வந்தால் போதும், மீசைக்காரச் சகலன் விரல் மடக்கத் தொடங்குவார்.

"தேத்தண்ணி கொண்டுவாற ஆள்தான் கலியாணப் பொம்பிளை. தம்பி தேத்தண்ணி கொண்டுவாறார்."

மூன்றாவதை அவர் சொல்வதில்லை. எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்து தட்டை நீட்டுவேன்.