இருட்டும்வரை ஓடிய கம்பைல்

ஞாயிற்றுக்கிழமை றொசல்லைக்குப் போவதில்லை என்று முதல் நாளே தீர்மானம் நிறைவேற்றிவிட்டேன். ஏகமனதாக. ஓட்டுப் போட்டது நான் ஒருவன்தான்.

றொசல்லையில் இருப்பவர் என் மாமனார் நல்லமுத்து, பென்ஷன் வாங்கிய கங்காணி. தங்கமான மனுஷன். ஆனால் அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரையை எதிர்த்துப் பேசிய கதையை ஆரம்பித்தாரென்றால், துரையே மன்னிப்புக் கேட்டாலும் நிறுத்தமாட்டார். அன்றைக்கோ டிவியில் இலங்கை – இந்தியா மேட்ச்!

என்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது. நான் ஹட்டனில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரை லீவுக்கு டிக்கோயா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பேராதனை நண்பர் ஒருவர், விஞ்ஞானக் கணக்குகள் போடும் இலவச மென்பொருளை சீடியில் கொடுத்திருந்தார். அதை நாமே கம்பைல் பண்ணி, அதாவது மூல நிரலிலிருந்து கட்டியெழுப்பி, ஏற்ற வேண்டும். 'மேக்' என்று அடித்தால் போதும், திரையில் வரி வரியாக என்னென்னவோ ஓடும். பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

காலையில் என் மனைவி நாகலெட்சுமி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, இன்னும் கெளம்பலையா?"

"எப்பிடி வர்றது? கம்பைல் ஓடுது. முடியிற வரைக்கும் ஆள் பக்கத்துலயே இருக்கணும்."

"எப்ப முடியும்?"

"இருட்டிரும்."

"நடுவுல கரண்டு போச்சுன்னா?"

"மொதல்ல இருந்துதான்."

"அப்ப டிவி போடக் கூடாதுங்க. ரெண்டும் ஓடுனா நம்ம வீட்டு ஃபியூஸ் தாங்காது."

டிவி பிளக்கைக் கழற்றிவிட்டாள்.

"கை சும்மாதானே இருக்கு?" மடியில் ஒரு சுளகு சின்ன வெங்காயம் வந்து உட்கார்ந்தது. "பாத்துக்கிட்டே உரிங்க."

"இம்புட்டு எதுக்கு?"

"இருக்கட்டுமே."

கொஞ்ச நேரத்தில் கம்பைல் முடிந்தே போய்விட்டது. ஒரு பிழைகூட இல்லை. வேறொரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்கு அவசரமாக மறுபடி 'மேக்' அடித்தேன். செய்ய ஒன்றுமில்லை என்றது. என் மனைவிக்கு மட்டும் அது தெரிந்துவிடக் கூடாது. கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். முடிந்தது. மறுபடி அழித்தேன். வெற்றி மேல் வெற்றி. கண்ணில் வெங்காயத் தண்ணீர்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பார்த்தால் மாமனார்.

"நீங்கதான் வர முடியாதுன்னுட்டீங்களே," என்றாள் நாகலெட்சுமி. "அதான் அப்பாவ வரச் சொல்லி ஃபோன் போட்டேன். பேசிக்கிட்டு இருங்க. நான் பக்கத்து வீட்டு ஷாமிலாகிட்ட போயிட்டு வர்றேன்."

"எதுக்கு?"

"மேட்ச் பாக்க."

மாமனார் நாற்காலியை என் முழங்காலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்புள, இருட்டுற வரைக்கும் நீங்க எந்திரிக்கவே மாட்டீங்களாமே. நல்லதாப் போச்சு. அந்தத் தொரை கதைய இதுவரைக்கும் ஒங்களுக்குச் சுருக்கித்தான் சொல்லியிருக்கேன்."