ஏழு கரண்டி உப்பு

"போலே, சார்ஜன்!" என்று மலாயில் கத்தி முடித்த பிறகுதான், முடியும் என்று தான் ஒத்துக்கொண்டது எதை என்று லோகன் யோசித்தான்.

நூற்றிருபது பேருக்கு மதியச் சாப்பாடு. சோறும் கோழிக்கறியும். முகாம் சமையல்காரருக்குக் காய்ச்சல்.

லோகனைக் குறை சொல்லிப் பயனில்லை. கிள்ளான் பக்கத்தில் வாரக் கடைசிகளில் மட்டும் கூடும் சேமப் படையில் அவன் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் நாள் ஏதோ கேட்டதற்கு 'தெரியாது' என்று சொல்லி முப்பது தண்டால் எடுத்தவன். அன்றிலிருந்து சார்ஜன் யூனுஸ் வாயைத் திறந்தாலே அவனுக்கு 'போலே' வந்துவிடும்.

தன்னை ஏன் கேட்டார் என்பதற்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. நேற்று எல்லோரிடமும் வெளியில் என்ன வேலை என்று படிவம் வாங்கியிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் போட்டோகாப்பி இயந்திரம் பழுது பார்க்கும் லோகன், அதில் 'டீம் லீடர்' என்று எழுதியிருந்தான். அவனும் அவனுடைய வேனும்தான் அந்த டீம் என்பதைப் படிவம் கேட்கவில்லை.

சார்ஜனின் முகத்தில் ஏதோ வந்து போனது. மெச்சுகிறார் என்று லோகன் எடுத்துக்கொண்டான். அப்படியானால் இன்று நீதான் அணித் தலைவன் என்றார் அவர். ஒரு மணிக்குச் சாப்பாடு வராவிட்டால் அணியில் இருக்கும் எட்டுப் பேருக்கும் நாளை விடுப்பு கிடையாது என்றும் சொன்னார்.

நாளை லோகனின் அக்கா மாதவிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டிய தம்பி இவன் ஒருவன்தான். அப்பா இல்லாத வீட்டில் அந்த மாலைக்காகவே அக்கா தேதியைத் தள்ளி வைத்துக் காத்திருந்தாள்.

சமையற்கூடத்தில் முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாகத்தான் போனது. சோற்றுக்கு மின்சார அடுப்புகள் இருந்தன; அவை யாருடைய தலைமையையும் எதிர்பார்க்கவில்லை. கோழி வெந்துகொண்டிருந்தது. லோகன் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, சார்ஜன் நடக்கிற மாதிரியே நடந்து பார்த்தான்.

"உப்பு போடுங்க."

பெயர் சொல்லாமல் இடும் கட்டளை எல்லோருக்கும் உரியது என்பது பயிற்சியின் முதல் பாடம். ஆறு பேர் ஆளுக்கொரு பெரிய கரண்டி போட்டார்கள். ஏழாவதாக நின்ற விஜயன் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி தயங்கினான். செராஸ்காரன். வாய் திறந்து பேசுவதே அபூர்வம்.

"நானும் போடணுமா அண்ணே?"

"ஆர்டர்னா ஆர்டர்தான் லா."

விஜயன் பெருமூச்சு விட்டுப் போட்டான்.

ருசி பார்த்த லோகனின் நாக்கு சுருண்டது. இனிமேல் பெயர் சொல்லிக் கட்டளையிட வேண்டும் என்று புத்தி வந்தது. செலாயாங் சந்தையில் மூட்டை இறக்கும் ஜாவித்தைக் கூப்பிட்டு, நான் நிறுத்தச் சொல்லும் வரை தண்ணீர் ஊற்று என்றான். பிறகு தட்டுகளை எண்ணப் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது கறி அண்டாவின் விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஜாவித் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்ல யாரும் வரவில்லை என்று பணிவாக விளக்கமும் கொடுத்தான்.

கட்டளையே வேண்டாம், ஒவ்வொருவரும் சொந்த மூளையைப் பயன்படுத்துங்கள் என்றான் லோகன். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. ஒருவன் மிளகாய்த்தூளைக் கொட்டினான். ஒருவன் சீனி போட்டான். கெட்டியாகட்டும் என்று ஒருவன் காலையில் மீந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டான். விஜயன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

மணி பதினொன்று. லோகன் அண்டாவைப் பார்த்தான். அதில் அக்காவின் முகம் தெரிந்தது போலிருந்தது. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மூன்று வாரமாக விழுங்கி வைத்திருந்த சொல் வெளியே வந்தது.

"எனக்குச் சமைக்கத் தெரியாது. காலையிலேயே சொல்லியிருக்கணும். யாருக்காவது தெரியுமா?"

விஜயன் மெல்லக் கையைத் தூக்கினான்.

"கொஞ்சம் தெரியும் அண்ணே."

"அப்போ நீ சொல்லு. நான் செய்றேன்."

விஜயன் சொல்லத் தொடங்கினான். சத்தமே இல்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரே ஒரு வேலை. கோழித் துண்டுகளை அள்ளி வெந்நீரில் அலசச் சொன்னான். குழம்பைக் கொட்டச் சொன்னான். புதிதாக மசாலா வறுபட்டது. லோகன் கண்ணீர் வழிய எட்டுக் கிலோ வெங்காயம் உரித்தான். அதில் பாதிக் கண்ணீர் வெங்காயத்தால் வந்ததல்ல.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சாப்பாடு போனது. சார்ஜன் யூனுஸ் இரண்டாம் முறை தட்டை நீட்டினார். எட்டுப் பேருக்கும் விடுப்பு உண்டு என்றவர், தெரியாது என்பதை எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டாயா என்று லோகனைக் கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ. இந்த முறை யோசித்துவிட்டு லோகன் 'போலே' என்றான்.

அண்டா கழுவும் இடத்தில் விஜயனைத் தேடிப் பிடித்து அவன் கைகளைப் பற்றிக்கொண்டான். நாளை அக்கா பக்கத்தில் தான் நிற்கப் போவதே விஜயனால்தான் என்றும், இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன் என்றும் சொன்னான். குடும்பத்தோடு விருந்துக்கு வரவேண்டும் என்று முகவரியையும் கொடுத்தான். மனம் நிறைந்துபோன பிறகுதான் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது.

"வெளியில என்ன வேலை உனக்கு?"

"கல்யாணச் சமையல் அண்ணே. எட்டு வருஷமாச்சு. படிவத்துலகூட எழுதியிருந்தேன்."

"அடப்பாவி. அப்போ காலையில சார்ஜன் கேட்டப்ப ஏன் சும்மா நின்னே?"

விஜயன் அண்டாவிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்.

"அவரு என்னைத்தான் அண்ணே கேட்டாரு. முன்னால நின்ன நீங்க முந்திக்கிட்டீங்க."