எல்லோரையும் காலைத் தூக்கச் சொன்ன ஒயர் அண்ணன்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போன மின்னஞ்சல்களில் பாதியாவது, ஒயர் அண்ணன் தரையில் தவழ்ந்ததால்தான் போய்ச் சேர்ந்தன. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மல்லேஸ்வரத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

அப்போதெல்லாம் அலுவலகத்துக்கே ஒரே கறுப்பு கேபிள்தான். டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு மேஜையிலும் நின்று நின்று போகும். கடைசி மேஜையில் அதன் முனையை ஒரு குட்டி உலோக மூடி அடைத்திருக்கும். எங்கே ஒரு இணைப்பு தளர்ந்தாலும், அந்த மூடி கழன்றாலும், முப்பது பேருடைய மெயிலும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். உடனே அவர் இருக்கும் நீலசந்திரா பகுதிக்கு போன் போகும். இடுப்பில் கட்டிங் பிளேயருடன் ஒயர் அண்ணன் வந்து நிற்பார்.

கணினி நிபுணர்கள் வந்ததும் கீபோர்டைத் தட்டுவார்கள். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"எல்லாரும் காலைத் தூக்குங்க!"

முப்பது பேரும் தூக்குவோம். அவர் முதல் மேஜைக்கடியில் புகுந்து கடைசி மேஜையில் வெளியே வருவார். உள்ளேயிருந்து விசாரணை மட்டும் நடக்கும்.

"நேத்திலேர்ந்து யாரு எதை நகத்துனீங்க?"

"யாரும் ஒண்ணும் பண்ணலைங்க அண்ணே."

"யாரும் ஒண்ணும் பண்ணலைன்னா, கன்ஃபார்மா யாரோ பண்ணிருக்கீங்க."

அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. சுஜாதா மேடம் செருப்பைக் கழற்றி இணைப்பின் மேல் வைத்திருப்பார். கொள்முதல் பிரிவுப் பெரியவர் ஒருமுறை கேபிளை இழுத்துக் கட்டி, ஈரக் குடையைத் தொங்கவிட்டிருந்தார். "உங்க குடை காயறதுக்கு முப்பது பேரு மெயிலு நிக்கணுமா சார்?" என்று மேஜைக்கடியிலிருந்து குரல் வந்தது. பெரியவர் ஒரு வாரம் நனைந்துகொண்டே வந்தார்.

வேலை முடிந்ததும் சோதனைக்காக "சாப்ட்டாச்சா?" என்று ஆங்கில எழுத்தில் ஒரு மெயில் அனுப்புவார். ஒருநாள் அது முகவரி மாறி ஜெர்மனி வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. 'தாங்கள் குறிப்பிடும் உதிரிபாகம் எங்கள் பட்டியலில் இல்லை, வரைபடம் அனுப்பவும்' என்று மறுநாளே பதில் வந்தது. ஏற்றுமதிப் பிரிவில் கடிதம் எழுதும் வேலை என்னுடையது. என்ன எழுதிச் சமாளித்தேன் என்பதை வெளியில் சொல்வதற்கில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புது மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கழுத்தை அறுத்தாலும் மரியாதையாக அறுப்பார். வந்ததும் ஒயர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"இன்னொருக்கா மெயில் நின்னு, தப்பு உங்க பேர்ல இருந்துச்சுன்னா, அத்தோட கான்ட்ராக்ட் முடிஞ்சுதுங்க. வேற கம்பெனிகிட்டப் பேசி வெச்சுட்டேனுங்க."

அந்தக் கான்ட்ராக்டை நம்பித்தான் ஒயர் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிந்தது. அன்றிலிருந்து யாரும் கூப்பிடாமலே தினமும் காலையில் வந்து, எல்லா இணைப்புகளையும் முறுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. புதியவன் என்பதால் பூஜைத் தட்டு என் பொறுப்பு. கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின் என்று பளபளப்பதையெல்லாம் எடுத்துவைத்தேன். கடைசி மேஜையான என் மேஜைக்கடியிலும் ஒன்று பளபளத்தது. எதற்கென்று தெரியாமல் அதையும் திருகி எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் தட்டில் சேர்த்து, பூஜை அலமாரியில் வைத்தேன். பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாதல்லவா? அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தால், மெயில் இல்லை.

மேனேஜர் கைகட்டி நிற்க, ஒயர் அண்ணன் மேஜை மேஜையாகத் தவழ்ந்து கடைசியில் என்னிடம் வந்தார்.

"சார், இங்க ஒரு மூடி இருந்துச்சே?" என்றார் மெதுவாக.

என் கண் என்னைக் கேட்காமலே பூஜை அலமாரிக்குப் போனது. அவரும் தலையை நீட்டி அங்கே பார்த்தார். கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது மூடி.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். "நாந்தான் சார். பூஜைக்குன்னு கயட்டுனேன். மாட்ட மறந்துட்டேன்."

"அப்படீங்களா? சொன்னது சொன்னதுதானுங்க" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறந்தேன். ஒயர் அண்ணன் என் காலை நறுக்கென்று மிதித்தார். வலியில் உண்மை சத்தமாகவே வந்துவிட்டது.

"நான்தான் சார் எடுத்தேன்! எதுக்குன்னு தெரியாம தட்டுல வெச்சுட்டேன்!"

முப்பது பேரும் வேலை செய்வதுபோல் நடித்தார்கள். மேனேஜர் அலமாரிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதுங்களா? இதுக்கு நான்தானுங்களே சூடம் காட்டுனேன்!"

காட்டியது மட்டுமா? கண்ணை மூடி, நல்ல ஆர்டர் வரவேண்டும் என்று உருகி வேண்டியும் இருந்தார். கன்னத்தில் ஒருமுறை போட்டுக்கொண்டு, "சரிங்க, எடுத்து மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவர், அதன்பிறகு யார் கான்ட்ராக்டைப் பற்றியும் பேசவில்லை.

மூடியை மாட்டி, முடிந்தது என்பதைக் கன்னடத்தில் "ஆயித்து" என்று சொல்லிக் கிளம்பிய ஒயர் அண்ணன், என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உங்களை யாரு சார் வாயத் தொறக்கச் சொன்னது? எனக்கு இன்னொரு ஆபீஸ் கெடைக்கும். நீங்க ஊருக்குப் புதுசு. வேலை போச்சுன்னா எங்க போவீங்க?"

"அந்த இன்னொரு ஆபீஸ் எங்க அண்ணே இருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "இனிமேதான் தேடணும்" என்றார்.

அதுவரை எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று நானும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மனதாரக் கூப்பிட்டேன்.