கிறுக்கியின் தீவு

"நாளைக்கு மத்தியானம் வருவாங்களாக்கும். கப்பயும் மீன்கறியும் போதுமா, இல்ல கோழியும் எடுக்கணுமா?"

சரசம்மா இப்படிக் கேட்டதும் ஞானையனுக்குக் கையிலிருந்த கட்டன் சாயா கசந்தது.

வருகிறவர் யான்னிஸ். முப்பது வருடங்களுக்கு முன், ஞானையன் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது கூட வேலை பார்த்த கிரேக்கர். மனைவியோடு கோவளத்துக்குச் சுற்றுலா வந்தவர், எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டுவிட்டார். பேசியது ஞானையன்தான். ஆனால் ஸ்பீக்கரில் 'யான்னிஸ்' என்று காதில் விழுந்தது சரசம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது; வீட்டுக்கே சாப்பிட வரச் சொல்லவைத்துவிட்டாள்.

பழைய கூட்டாளி தன் ஊரான கரமனைக்கே தேடி வருவதில் ஞானையனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏழு மாதங்கள் இருக்கின்றனவே!

அப்போது சரசம்மாவுக்குத் தலைப்பிரசவம். அதற்குள் வந்துவிடுகிறேன், குடியைத் தொடமாட்டேன் என்று பைபிளில் கைவைத்துவிட்டுக் கப்பலேறியவர் ஞானையன். மொம்பாசா துறைமுகத்தில் யான்னிஸோடு கரையிறங்கினார். இரண்டு பேரும் மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தூங்கி எழுந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. அடுத்த கப்பல் கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதுவரை ஓர் ஓட்டலின் பின்கட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவினார்கள்.

அலுப்புத் தெரியாமலிருக்க யான்னிஸ் தன் நாட்டுத் தீவுகளின் கதைகளைச் சொல்வார். குகையில் ஆடுகளை அடைத்து வைத்திருந்த ஒற்றைக்கண் ராட்சதன், கரைக்கு வரும் கப்பல்கள்மேல் பாறையைத் தூக்கி எறிந்த வெண்கல மனிதன், ஆண்களைப் பன்றிகளாக்கிய மந்திரக்காரி கிர்கி. பதிலுக்கு ஞானையனும் கால் தரையில் பாவாத யட்சி முதல் நம்மூர்க் கதைகளையெல்லாம் அவிழ்த்துவிடுவார். சாக்குச் சாக்காகக் கிழங்கு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு அப்படி வயிறு நோக அவர் சிரித்ததே இல்லை.

மனைவிக்கு உண்மையை எழுதத்தான் தைரியம் வரவில்லை. 'கிர்கி என்ற மந்திரக்காரியின் தீவில் மாட்டிக்கொண்டோம். எல்லோரையும் பன்றியாக்கிவிட்டாள். பன்றிகளுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டுமென்று என்னையும் யான்னிஸையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்' என்று எழுதி, ஊருக்குத் திரும்பிய ஒரு மாலுமியின் கையில் கொடுத்தனுப்பினார்; பிறகும் இதே கதையாக மாதம் ஒரு கடிதம் போனது.

சரசம்மா நம்பினாள். தனியாகப் பிள்ளை பெற்ற கோபம் அத்தனையையும் 'அந்தக் கிறுக்கி'யின் தலையில் கொட்டிவிட்டுப் புருஷனை மன்னித்தாள். நாளை யான்னிஸ் வாயைத் திறந்தால் முப்பது வருடத்து மன்னிப்பும் போச்சு.

"சரசு, நாமளே கோவளத்துக்குப் போயிருவமா? ஓட்டல்ல சாப்பிட்டுட்டு, கடலையும் பாத்துட்டு..."

"கிறுக்கிகிட்ட உங்ககூடக் கெடந்து கஷ்டப்பட்ட மனுஷனுக்கு ஓட்டல் சோறா? நல்லாருக்கே!"

"அவனுக்குத் தமிழ் தெரியாதுல்லா. சரி, நானே ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொல்லுதேன்."

"நீங்க பத்து வார்த்தைய ஒரு வார்த்தையாக்கிருவீங்க. பக்கத்து வீட்டு ஜெஸ்லினை வரச் சொல்லியாச்சு. ஐ.டி. கம்பெனியில பகல் பூரா வெள்ளைக்காரங்ககிட்டதான பேசுதா!"

ஞானையன் மாடிக்குப் போய் ரகசியமாக யான்னிஸின் நம்பருக்கு மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் எடுத்தது அவர் மனைவி எலெனி. குட் மார்னிங் சொல்லி வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"சரசு, ஒரு விஷயம். யான்னிஸுக்குத் தலையில கப்பல் கயிறு அடிச்சு, பழசெல்லாம் மறந்துபோச்சாம். நீ அதப் பத்தி ஒண்ணும் கேக்காத. பாவம், சங்கடப்படுவான்."

சரசம்மாவின் கண் நிறைந்தது. உள்ளே போனவள், நூல் கட்டிய ஒரு கடிதக் கட்டோடு திரும்பி வந்தாள்.

"நீங்க எழுதினதெல்லாம் பத்திரமா இருக்கு. நாளைக்கு ஜெஸ்லின் இத இங்கிலீஷ்ல வாசிச்சுக் காட்டட்டும். மறந்ததெல்லாம் திரும்பி வந்துரும்."

ஞானையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் யான்னிஸ் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ஞானையனுக்கு எல்லாமே மறந்துபோனது. அதே தோள், அதே சிரிப்பு. தலையில்தான் மயிர் இல்லை. இரண்டு கிழவர்களும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். "பொட்டேட்டோ!" என்று யான்னிஸ் ஞானையனின் முதுகில் ஓங்கி அடித்தார்.

எலெனி மட்டும் சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து சரசம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பித்தவெடிப்பைத்தான் பார்க்கிறாளோ என்று கூசிய சரசம்மா சேலையைத் தழைத்துவிட்டாள். எலெனி இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

சாப்பாட்டு மேசையில் ஜெஸ்லின் முதல் கடிதத்தைப் பிரித்து, வருடத்தையும் மாதத்தையும் சொல்லி, ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தாள். கிர்கி வந்தாள், பன்றிகள் வந்தன. யான்னிஸின் கையிலிருந்த கப்பைக்கிழங்கு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் ஞானையனைப் பார்த்தார். ஞானையன் மேசைக்கு அடியில் இரண்டு கையையும் கூப்பினார்.

யான்னிஸ் ஒரு கணம் யோசித்தார். பிறகு நெஞ்சில் கைவைத்து, "யெஸ்! யெஸ்! கிர்கி!" என்றார்.

"பாத்தீங்களா! ஞாபகம் வந்துட்டு!" சரசம்மா கை தட்டினாள்.

ஞானையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டாளியின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

அப்போதுதான் எலெனி கரண்டியைக் கீழே வைத்தாள். புருஷனிடம் கிரேக்கத்தில் ஏதோ கேட்டாள். யான்னிஸின் மொட்டைத்தலை வரை சிவந்தது. எலெனி ஜெஸ்லினின் காதோரம் சாய்ந்து நெடுநேரம் பேசினாள்.

ஜெஸ்லின் தயங்கித் தயங்கிச் சரசம்மாவிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்கண்டா, கேட்டோ. அந்த ஏழு மாசமும் இவங்க ஹஸ்பண்ட் நம்ம கரமனையிலதான் இருந்தாராம். அவரைப் பனைமரத்துல பிடிச்சு வச்சிருந்த யட்சி நீங்கதானான்னு கேக்குறாங்க."